சம்பந்தி வீட்டுச் செடி

நோட்டீஸ் ஒட்ட வந்த ஆய்வாளர், ஒரு கையில் பசை வாளியும் மறு கையில் காகிதமுமாகக் கேட்டுக்கு வெளியே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். ஒட்டலாமா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளே இருந்தவர் பதினோரு வருஷம் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர்.

"வெளியில நின்னு என்னய்யா யோசனை? ஒட்டு" என்றார் மதகு சார்.

"சார், உங்க வீட்டுக்கே வந்து நான் எப்படி சார்..."

"சட்டம்னா சட்டம். ஊருக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணா? ஒட்டு. பாரு, இடது பக்கம் சாயுது."

நேராக ஒட்டிய பிறகு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மதகு சார் அதை வாய்விட்டுப் படித்தார். 'மேற்படி குளத்தில் மண்டிக்கிடக்கும் அயல் களைச்செடியைப் பதினைந்து தினங்களுக்குள் வேரோடும் வேரடி மண்ணோடும் அகற்றத் தவறும் பட்சத்தில், குளம் மண்ணிட்டு மூடப்படும்.' இருபது வருஷத்துக்கு முன்னால் அவரே எழுதிய வாசகம். 'வேரோடு' என்றால் போதாதா என்று அன்றைக்குப் பெரிய அதிகாரி கேட்டபோது, போதாது என்று சண்டை பிடித்து வேரடி மண்ணைச் சேர்த்தவர் அவர்தான். ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷம், அது தன் குளத்துக்கே வந்திருக்கிறது என்பது உறைத்தது.

நீர்நிலைப் பராமரிப்புத் துறையில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவர் அவர். குப்பை கொட்டினார் என்பதைவிட, கொட்டியவர்களைத் திட்டினார் என்பதுதான் சரி. மதகுச் சுவரின் மேல் ஏறி நின்றுகொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் ஆட்களுக்கு உத்தரவு போட்டே ஓய்வு பெற்றார். அதனால் வந்த பெயர் மதகு சார். ஆகாயத்தாமரை என்றால் அவருக்கு அத்துப்படி. இரண்டு வாரத்தில் ஒன்று இரண்டாகும், ஒரு துண்டு மிஞ்சினாலும் மறுபடி தழைக்கும், விதை சேற்றுக்குள் வருஷக்கணக்கில் காத்திருக்கும், தண்ணீருக்கு வெயில் படாமல் மீன் மூச்சுமுட்டிச் சாகும் என்றெல்லாம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசியிருக்கிறார். அப்படிப்பட்டவர் வீட்டுக் கொல்லையில்தான் இன்றைக்குக் குளம் எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்று காலால் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.

இருபதடிக்குப் பன்னிரண்டடிக் குளம். ஓய்வு பெற்ற வருஷம் அவரே வெட்டியது. அதைக்கூட அவர் பெரிதாக நினைக்கவில்லை. குளம் போனால் போகட்டும், மகளின் படிப்பு போகக்கூடாதே என்பதுதான் அவருடைய கவலை.

செடிக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சம்பந்தமே சம்பந்தியம்மாதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், கல்யாணம் முடிந்து முதல் தடவையாக இந்த வீட்டுக்கு வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா ஒரு நீல பிளாஸ்டிக் டப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே மூன்று செடிகள். வழவழவென்று இலை, குண்டு குண்டாகத் தண்டு, ஒன்றில் ஊதாப் பூ. பார்த்த மாத்திரத்தில் மதகு சாருக்குப் பழைய எதிரியை நடுவீட்டில் பார்த்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்தார். மனைவி மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள். திறந்த வாய் சும்மா மூடுமா? "அடடா, என்ன அழகு! இதைத்தானே நான் தேடிக்கிட்டிருந்தேன்!" என்று சொல்லிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழைக்காலத்தில் மட்டும்தான் வாய்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மதகு சார் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒரு பாத்திரத்தில் எதையாவது கொடுத்தால், பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். அந்த நீல டப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் வந்தபோது வீட்டில் வேறு எதுவும் கைக்கு அகப்படவில்லை. குளத்தில் மட்டும் ஏராளமாக இருந்தது. "உங்க செடியோட பிள்ளைங்க" என்று சொல்லி, டப் நிறைய அள்ளி மகளிடம் கொடுத்தனுப்பினாள் மனைவி. சம்பந்தி வீட்டுப் பழக்கமும் அதுவேதான். அடுத்த மாதம் டப் திரும்பி வந்தது, நிறைந்து. அதற்கடுத்த மாதம் இங்கிருந்து போனது, நிறைந்து. ஒவ்வொரு தடவையும் இரண்டரை மணி நேரப் பஸ் பயணம். மடியில் டப்பை வைத்துக்கொண்டு, புடவையெல்லாம் நனைய, போய்வந்தவள் மகள்.

இதற்கு நடுவில் மதகு சார் தன் குளத்தில் ஒரு திருட்டுப் பராமரிப்பும் நடத்தி வந்தார். விடிந்தும் விடியாததுமாகப் பல் வைத்த வாரியால் மூன்று கூடைச் செடியை இழுத்துக் கரையேற்றுவார். தண்ணீர் வடிந்து குளத்துக்கே திரும்பாத தூரத்தில், சுவரோரம் காயப்போடுவார். ஆனால் எல்லாவற்றையும் எடுக்க மாட்டார். கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கத்தை அப்படியே விட்டுவிடுவார். சம்பந்தியம்மா வந்ததும் வராததுமாக அந்த ஜன்னலுக்குத்தான் போவார். "எப்படி வளர்ந்திருக்கு!" என்பார். "உங்க கை ராசி" என்பார் மதகு சார். விட்டு வைத்த அந்தப் பாதி, அடுத்த இரண்டே வாரத்தில் முழுசாகிவிடும். துறையில் யாராவது இப்படிப் பாதிப் பாதியாகக் களை எடுத்திருந்தால் அவரே மெமோ கொடுத்திருப்பார்.

இப்போது மகளுக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளை, வேறு ஊரில் இரண்டு வருஷ உயர்பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வார்டில் இருபத்திரண்டு பேர் எழுதி இவள் ஒருத்திதான் தேறினாள். ஒன்றரை வயசுக் குழந்தையை அங்கே கூட்டிக்கொண்டு போக முடியாது. சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக வந்து நேரில் சொல்கிறேன் என்றிருந்தார் அவர். செவ்வாய்க்கிழமைக்குள் மகள் கையெழுத்துப் போட்டு அனுப்பியாக வேண்டும்.

"இந்த நேரத்துல அவங்க மனசு கோணக்கூடாதுங்க" என்றாள் மனைவி. "நீங்க செடியைப் பிடுங்கிப் போட்டுட்டு நின்னா, 'நான் கொடுத்ததுக்கு இதுதான் மரியாதையா'ன்னு ஒரு வார்த்தை வந்துடும். அப்புறம் நம்ம பொண்ணு கதி?"

"பிடுங்கலைன்னா குளத்தை மூடிடுவான்."

"மூடட்டும்."

"மூடினா செடியும் சேர்ந்து போயிடும்ல? அப்பவும் அதே வார்த்தைதானே வரும்?"

இருதலைக் கொள்ளி எறும்பாக இரண்டு நாள் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்த பிறகு, மதகு சாருக்கு ஒரு யோசனை பிறந்தது. முப்பத்தொரு வருஷம் அரசாங்கத்தில் இருந்தவருக்கு வேறு எந்த மாதிரி யோசனை பிறக்கும்? பழியைத் தூக்கி அரசாங்கத்தின் மேல் போடுவதுதான். ஆய்வாளருக்குப் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு ரெண்டு ஆளோட வா. சம்பந்தியம்மா கண் முன்னாடி எல்லாத்தையும் பிடுங்கி எடு. நான் தடுப்பேன். நீ கேட்கக்கூடாது."

"ஞாயித்துக்கிழமை லீவு சார்."

"பதினோரு வருஷம் உனக்கு நான் லீவு கொடுத்திருக்கேன்யா."

"சார், ஒரு சந்தேகம். நான் உங்களைத் திட்டணுமா, நீங்க என்னைத் திட்டுவீங்களா?"

"வசனம் எழுதித் தரேன். அப்படியே படி."

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் எழுதி வைத்தபடியே ஆரம்பித்தது. சம்பந்தியம்மா ஜன்னலுக்குப் போனார், "எப்படி வளர்ந்திருக்கு!" என்றார். மகள் டீ கொண்டுவந்தாள். மாப்பிள்ளை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, மாமனார் வீட்டில் எதற்கும் தலையிடுவதில்லை என்ற தன் கொள்கைப்படி செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். சரியாகப் பதினொரு மணிக்கு ஆய்வாளர் இரண்டு ஆட்களோடும் வாரிகளோடும் கொல்லைக்குள் நுழைந்தார்.

"யாரய்யா அது என் குளத்துல?" என்று ஓடினார் மதகு சார்.

ஆய்வாளர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் படித்தார். "இந்த அயல் களையை வேரோடும் வேரடி மண்ணோடும் அகற்றாமல் நான் இங்கிருந்து போக மாட்டேன்."

"தொடாதே! அது வெறும் செடி இல்லய்யா. என் சம்பந்தி வீட்டுச் சீதனம்! குளத்தை வேணும்னா எடுத்துக்கோ, அந்தச் செடியில ஒரு இலையைத் தொட்டே..." மதகு சார் கைகளை விரித்துக்கொண்டு கரையில் நின்றார். குரல் தழுதழுத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நடிக்கிறார். இவ்வளவு நன்றாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

அங்கேதான் கணக்குத் தப்பியது. சம்பந்தியம்மா யார் என்பதை அவர் மறந்துவிட்டார். அந்த அம்மாள் பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருஷம் நேரக் காப்பாளராக இருந்தவர். ஒரே ஒரு விசிலில் பதினெட்டு டிரைவர்களை நிறுத்தியவர். அவர் கொல்லைக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, ஆய்வாளரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடையாள அட்டை எங்கே?"

"அது... வீட்ல இருக்கும்மா."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு."

"லீவு நாள்ல, அட்டை இல்லாம, அடுத்தவங்க கொல்லைக்குள்ள வந்திருக்கீங்க. நோட்டீஸ்ல பதினஞ்சு நாள்னு போட்டிருக்கு. இன்னிக்கு நாலாம் நாள். கிளம்புங்க. இல்ல, நானே நாளைக்கு உங்க ஆபீஸுக்கு வரட்டுமா?"

ஆய்வாளர் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். இதற்கு வசனம் எழுதப்படவில்லை. பரிதாபமாக மதகு சாரைப் பார்த்தார். மதகு சாரால் என்ன செய்ய முடியும்? சட்டப்படி அந்த அம்மாள் சொன்னது அத்தனையும் சரி. ஆட்கள் வாரிகளைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வெளியேறினார்கள்.

"நான் இருக்கிறவரைக்கும் உங்க செடியை எவனும் தொட முடியாது, சம்பந்தி" என்றார் சம்பந்தியம்மா, மூச்சு வாங்க. "நாங்க கொடுத்ததை இவ்வளவு உயிரா வெச்சிருக்கீங்களே!"

மதகு சாருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நன்றி சொல்ல வேண்டுமே என்று வாய் தானாகத் திறந்தது. "எனக்காக இவ்வளவு தூரம் சண்டை போட்டிருக்கீங்க. போகும்போது ஒரு டப் நிறைய எடுத்துட்டுத்தான் போகணும்."

சம்பந்தியம்மாவின் முகம் ஒரு கணம் விழுந்தது. உடனே எழுந்துகொண்டது. "தாராளமா! அதுக்கென்ன, சந்தோஷமா எடுத்துட்டுப் போறேன்" என்றார். பிறகு மருமகளின் தோளில் கை போட்டு, "உன் விஷயமும் அப்படித்தாம்மா. குழந்தையை நான் பார்த்துக்கிறேன். தாராளமா! ரெண்டு வருஷம் என்ன, நாலு வருஷம்னாலும் சந்தோஷமாப் பார்த்துக்கிறேன்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குளமும் போய் மானமும் போனாலும் காரியம் கைகூடிவிட்டது என்று மதகு சார் பெருமூச்சு விட்டார்.

"நான் போகலை" என்றாள் மகள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மாப்பிள்ளைகூடச் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் குழந்தையோடு கொல்லை வாசற்படிக்கு வந்தார்.

"என்னம்மா சொல்றே? அதான் அத்தை சரின்னுட்டாங்களே?" என்றார் மதகு சார்.

"அத்தை, உங்களுக்கு அந்தச் செடி பிடிக்குமா?"

"என்ன கேள்வி இது? உயிராச்சே."

"போன மாசம் நான் கொண்டு வந்த டப்பை அன்னிக்கு சாயங்காலமே பின்பக்கம் குழி வெட்டிக் கவுத்தீங்க. நான்தானே மண்வெட்டி எடுத்துக் கொடுத்தேன்?" அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க தினம் விடியும்போது திருட்டுத்தனமா மூணு கூடை எடுக்கிறீங்க. அம்மா போன்ல சொல்லிச் சொல்லி அழறா. வேரடி மண்ணோடுன்னு ஆய்வாளர் படிச்சப்பவே அது யார் எழுதிக் கொடுத்த வசனம்னு தெரிஞ்சுபோச்சு."

சம்பந்தியம்மா மதகு சாரைப் பார்த்தார். மதகு சார் குளத்தைப் பார்த்தார்.

"அப்போ உங்களுக்கும் பிடிக்காதா?" என்றார் சம்பந்தியம்மா மெதுவாக.

"எப்படிங்க பிடிக்கும்? முப்பத்தொரு வருஷம் இதோடதான் மல்லுக்கட்டினேன். நீங்க ஏன் கொடுத்தீங்க?"

"என் பெரிய பொண்ணோட மாமியார் மாசா மாசம் கொடுக்கிறது. தூக்கிப் போட்டா அவங்க கேட்பாங்க. உங்க வீட்ல குளம் இருக்குன்னு தெரிஞ்சுது. கொடுத்தா தூக்கிப் போட்டதா ஆகாது பாருங்க."

"அப்போ இப்ப எதுக்கு அந்த மனுஷனை விரட்டினீங்க?"

"பிடுங்கினதை நீங்க மொத்தமா எங்க வீட்டுக்கு அனுப்பிடுவீங்களோன்னு பயந்துட்டேன்!"

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. தன் மனைவி முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார். மகள் சிரிக்கவில்லை. அவள் முகம் சிவந்திருந்தது. "ஒரு செடி வேண்டாம்னு சொல்ல நாலு வருஷமா யாருக்கும் வாய் வரலை. அந்த டப்பை மடியில சுமந்தவ நான். இப்ப அத்தை டப்புக்கு ஒரு 'தாராளமா' சொன்னாங்க. அதே மூச்சுல, அதே குரல்ல என் குழந்தைக்கும் ஒரு 'தாராளமா' சொன்னாங்க. அதை நம்பி நான் எப்படிப்பா அவனை விட்டுட்டுப் போறது?"

மதகு சாருக்கு மார்பில் அடித்த மாதிரி இருந்தது. மகளுக்காகத்தான், அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நாலு வருஷமாக ஈயென்று இளித்துக்கொண்டிருந்தார். அந்த இளிப்பைத்தான் அவள் தூக்கி முகத்தில் எறிந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. கோபம் வந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. வரவில்லை.

சம்பந்தியம்மா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் என்னால முடியாதும்மா" என்றார். டிப்போவில் ஒருவரும் கேட்டிராத குரல். "அவன் பதினோரு கிலோ. தூக்கிட்டு மாடி ஏறினா ராத்திரியெல்லாம் முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. சொன்னா, மருமக முன்னேறுறதுக்கு மாமியார் குறுக்கே நின்னாள்னு நாலு பேர் பேசுவாங்கன்னு வாயை மூடிட்டேன். ஒரு வருஷம்னா முடியும். அதுவும் பகல்ல மட்டும். ராத்திரி எழுந்து பால் கலக்குறது, துணி மாத்துறதெல்லாம் உன் புருஷன் செய்யட்டும்."

"நானா?" என்றார் மாப்பிள்ளை.

"பின்னே யாரு? பேப்பரா?"

வாய் ஒரு தரம் திறந்துகொண்டதும் அந்த அம்மாளுக்கு நிறுத்த முடியவில்லை. "இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்த வீட்டு டீ ஒருநாளும் வாயில வைக்கிற மாதிரி இருந்ததில்ல." மனைவி விடுவாளா? "நீங்க வர்ற நாள்ல மட்டும்தான் நான் டீ போடறதில்ல. உங்க மருமகதான் போடறா" என்றாள். அடுத்த ஐந்து நிமிஷம் கொல்லையில் நடந்த உரையாடலை அப்படியே எழுதினால் இரண்டு குடும்பத்துக்கும் நல்லதல்ல. ஆனால் நாலு வருஷத்தில் அந்த இரண்டு பெண்களும் அவ்வளவு உற்சாகமாகப் பேசி யாரும் பார்த்ததில்லை.

சண்டை ஓய்ந்ததும் சம்பந்தியம்மாவே வாசலுக்குப் போய், தெருமுனையில் நின்றுகொண்டிருந்த ஆய்வாளரைக் கைதட்டிக் கூப்பிட்டார். ஆட்கள் இறங்கினார்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்து, பின்னிப் பிணைந்த செடிகளைப் பாய் சுருட்டுவது மாதிரி சுருட்டி இழுத்தார்கள். கறுத்த வேர்க்குஞ்சங்கள் சொட்டச் சொட்டக் கரையேறின. மதகு சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, உதிர்ந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கூடத்து ஜன்னலிலிருந்து தெரிகிற பக்கத்தில் இவருடைய கையே முதலில் நீண்டது. அரை மணியில் நடுக்குளத்தில் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. அதில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன.

"மீதி ஒரு வருஷம் இருக்கேம்மா" என்றாள் மனைவி மகளிடம். "நாங்க இருக்கோம். நீ கவலைப்படாம கையெழுத்துப் போடு. தாரா..." சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கினாள். "எனக்கு முடியும். நிஜமாத்தான் சொல்றேன். ஆனா தனியா முடியாது. உங்க அப்பாவைக் கேளு."

மகள் குளத்தில் நின்றிருந்தவரைக் கேட்டாள். "அப்பா?"

அவருடைய வாயில் 'அதுக்கென்னம்மா, சந்தோஷமா' என்று வந்துவிட்டது. பற்களுக்குப் பின்னால் அதைப் பிடித்து நிறுத்தினார். கையிலிருந்த தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார். "நீ பிறந்தப்ப நான் ஏரி ஏரின்னு போயிட்டேன். ஒரு நாள்கூட உன்னைக் குளிப்பாட்டினதில்ல, ஒரு வாய் ஊட்டினதில்ல. குழந்தையை எப்படித் தூக்கணும்னே எனக்குச் சரியாத் தெரியாது. அதுவும் அழுதா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது." தண்டைக் கரையில் எறிந்தார். "சொல்லிக் கொடுத்தா செய்யறேன்."

மகளின் கண் கலங்கியது. பிறகு வாசற்படிக்குப் போய், கணவனின் தோளிலிருந்து குழந்தையை வாங்கினாள்.

"கையைக் கழுவிட்டு மேலே வாங்க" என்றாள். "ஆய் போயிட்டான். முதல்ல அலம்பி விடுங்க. முதுகுக்குப் பின்னாடி ஒரு கை, கீழே ஒரு கை. இறுக்காதீங்க."

சேற்றுக்காலோடு கரையேறி, சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிய கைகளை நீட்டி மதகு சார் குழந்தையை வாங்கினார். குழந்தை அவர் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தது. பிறகு உதட்டைப் பிதுக்கி, ஊரைக் கூட்டுகிற மாதிரி வீறிட்டு அழுதது. எப்போதும் உபசாரத்துக்குச் சொல்கிற 'தாத்தான்னா அவனுக்கு உயிரு' என்ற வார்த்தையை இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. அழுகிற பேரனைத் தூக்கிக்கொண்டு அவர் குழாயடிக்கு நடந்தார்.